பெரிய டி.வி.யில் படம் மங்கினால்...
பணத்தைக் கொட்டும் முன் பார்க்க வேண்டியவை

பெரிய திரை டெலிவிஷனில் படம் மங்கிவிட்டால் நம்மவர்கள் உடனே சொல்வது, "டியூப் போய்விட்டது" என்பதுதான். வந்து பார்க்கும் மெக்கானிக்கும் அதையே சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. கேட்ட தொகையைப் புரட்டிக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். இரண்டிலும் நஷ்டம் நமக்கே.

இங்கே சொல்லப்படுவது, திரைக்குப் பின்னால் இருந்து ஒளியை வீசிப் படம் காட்டும் பெரிய பெட்டியைப் பற்றி. "புரொஜக்ஷன் டி.வி." என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அலமாரி அளவுக்கு நிற்கும். அமெரிக்காவில்தான் இது மிக அதிகமாக விற்றது. நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. விலை அதிகம் என்பதால் ஓட்டல், கிளப், வசதி படைத்த வீடுகள் என்று சில இடங்களோடு நின்றது. அங்கெல்லாம் தட்டை டி.வி. வந்ததும் இந்தப் பெட்டிகள் கழித்துக் கட்டப்பட்டு, கைமாறிக் கைமாறி மன்றங்களுக்கும், வாசகசாலைகளுக்கும், சிறு சாப்பாட்டுக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து கிரிக்கெட்டோ, பண்டிகைப் படமோ பார்க்க மலிவில் கிடைத்த பெரிய திரை அதுதான்.

இன்று இவற்றை யாரும் தயாரிப்பதில்லை. சோனி நிறுவனம் இந்த வகையைக் கைவிடுவதாக 2007 டிசம்பரில் அறிவித்தது. கடைசி வரை தயாரித்து வந்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. ஆகவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பெட்டியும் பத்து வயதைத் தாண்டியது. படம் மங்குவது இந்த வயதில் சகஜம். ஆனால் மங்கியதெல்லாம் செத்தது ஆகாது. எதனால் மங்கியது என்று தெரியாமல் பணம் கொடுப்பதுதான் தவறு.

அரிக்கேன் விளக்கு உதாரணம்

ஊரில் அரிக்கேன் விளக்கு மங்கினால் என்ன செய்தோம்? முதலில் கண்ணாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு திரியைத் தூண்டினோம். பிறகு எண்ணெய் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தோம். எடுத்த எடுப்பில் புது விளக்கு வாங்க யாரும் ஓடவில்லை.

புரொஜக்ஷன் டி.வி.யும் ஒரு விதத்தில் விளக்குதான். உள்ளே ஓர் இடத்தில் ஒளி பிறக்கிறது. அது லென்ஸ் வழியாக வெளியே வருகிறது. பெட்டியின் பின்பக்கம் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. திரையின் பின்புறத்தில் விழுந்து, திரை வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் படம் மங்கும். ஒளி பிறக்கும் இடம் பழுதானாலும் மங்கும். முதல் வகைக்குச் செலவு குறைவு. இரண்டாவது வகைக்குச் செலவு அதிகம். ஆகவே மலிவானதிலிருந்து தொடங்கி, விலை உயர்ந்ததை நோக்கிப் போக வேண்டும் என்பதே இதில் முக்கியமான விதி.

மூன்று வகைப் பெட்டிகள்

உங்கள் பெட்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய வகையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறிய படக்குழாய்கள் இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 7 அங்குலம். மூன்றும் தனித்தனி லென்ஸ் வழியாக ஒளியை அனுப்பி, திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படத்தை விழச் செய்யும். பெட்டி கனமாகவும், ஆழமாகவும் இருக்கும். இதில் தனியாக விளக்கு எதுவும் கிடையாது.

இரண்டாவது வகை எல்.சி.டி. புரொஜக்ஷன். இதில் ஒரே ஒரு பலமான விளக்கு எரியும். அதன் ஒளியை மூன்று நிறமாகப் பிரித்து, மூன்று சிறு எல்.சி.டி. தகடுகள் வழியாக அனுப்பிச் சேர்ப்பார்கள்.

மூன்றாவது வகை டி.எல்.பி. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் 1987-ல் கண்டுபிடித்த சில்லு இதன் உயிர்நாடி. நகம் அளவுள்ள அந்தச் சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத பல லட்சம் கண்ணாடிகள் இருக்கின்றன. அவை அசைந்து ஒளியைத் திருப்பிப் படம் காட்டுகின்றன. இதிலும் பெரும்பாலான மாடல்களில் ஒரு விளக்கும், வேகமாகச் சுற்றும் ஒரு நிறச் சக்கரமும் உண்டு.

பின்புறத்திலோ, பக்கத்திலோ "லாம்ப்" என்று எழுதிய சிறு கதவு இருந்தால் விளக்கு உள்ள வகை. அது இல்லாமல் பெட்டியும் பெருங்கனமாக இருந்தால் பெரும்பாலும் குழாய் வகை.

காசில்லாமல் பார்க்கக் கூடியவை

பெட்டியைத் திறக்காமலே பார்க்கக் கூடியவை நான்கு.

முதலாவது, உட்காரும் இடம். இந்தத் திரை சாதாரணக் கண்ணாடி அல்ல. ஒளியை நேராகத் திருப்பும் ஒரு தகடும், சன்னமான செங்குத்து வரிகள் கொண்ட இன்னொரு தகடும் சேர்ந்தது. அந்த வரிகள் ஒளியை இடமும் வலமும் நன்றாகப் பரப்பும். மேலும் கீழும் அவ்வளவாகப் பரப்பாது. ஆகவே திரையின் மட்டத்துக்குக் கண் இருப்பவருக்குப் படம் பளிச்சென்று தெரியும். மன்றங்களில் நடப்பது என்ன? எல்லோருக்கும் தெரியட்டும் என்று பெட்டியை உயரமான மேஜைமேல் ஏற்றிவிடுகிறார்கள். முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்க்கிறார். அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். பெட்டியைத் தரையோடு வைத்த இடத்தில் நின்றுகொண்டு பார்ப்பவருக்கும் இதே கதி. திரையின் நடுப்பகுதிக்கு நேராகக் கண் வரும்படி நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். அப்போது சரியாகத் தெரிந்தால் டி.வி.யில் பழுதில்லை. மேஜையை மாற்றினால் போதும்.

இரண்டாவது, வெளி வெளிச்சம். திரைக்கு எதிரே டியூப்லைட்டோ, ஜன்னலோ இருந்தால் எந்தப் பெட்டியும் மங்கலாகத்தான் தெரியும். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, செட்டிங். யாரோ ரிமோட்டைத் தட்டி மின்சாரச் சிக்கன நிலைக்கு மாற்றியிருக்கலாம். சில விளக்கு வகைகளில் "எகானமி" என்று ஒரு நிலை உண்டு. அதில் விளக்கே குறைந்த பலத்தில்தான் எரியும். பிக்சர் மெனுவுக்குப் போய், தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் தெரிந்துவிடும். டி.வி.யின் சொந்த மெனு எழுத்துகள் பளிச்சென்று இருந்து, நிகழ்ச்சி மட்டும் மங்கலாக இருந்தால் பழுது டி.வி.யில் இல்லை. செட்டாப் பாக்ஸிலோ, வயரிலோ இருக்கிறது.

நான்காவது, அந்த வயர். மும்பை, டெல்லி, கல்கத்தா நகரங்களில் கேபிள் இணைப்புகளை டிஜிட்டலாக மாற்ற 2012 அக்டோபர் 31 கெடுவாக வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு பழைய பெட்டிகளெல்லாம் செட்டாப் பாக்ஸின் மஞ்சள் நிற வீடியோ வயரை நம்பியே ஓடுகின்றன. சில இடங்களில் அந்த ஒரே வயரை ஒரு சிறு இணைப்பான் வைத்து இரண்டாகப் பிரித்து, ஹாலில் ஒரு டி.வி.க்கும் உள்ளே இன்னொரு டி.வி.க்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே குழாய்த் தண்ணீரை இரண்டு வீட்டுக்குத் திறந்துவிட்ட மாதிரி, இரண்டு டி.வி.யும் சிக்னலைப் பங்கு போட்டுக்கொள்ளும். சிக்னலின் பலம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். இரண்டிலும் படம் மங்கும். ஒரு வயரைப் பிடுங்கிப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

இந்த நான்குக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை.

தூசியும் புகையும்

அடுத்தது, ஒளி வரும் பாதை. காற்றுத் துவாரங்கள் வழியாகத் தூசி உள்ளே போய் லென்ஸ் மீதும், பெரிய கண்ணாடி மீதும் படிகிறது. குழாய் வகையில் லென்ஸ்கள் வானத்தைப் பார்த்து நிற்பதால் தூசி அதிகமாகத் தங்கும். சமையல் அறையின் எண்ணெய்ப் புகையும், ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையும் பட்டால் தூசி ஒட்டிக்கொண்டு படலமாகிவிடும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் தினமும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. வெளியூரில் இருந்து வந்தவர்தான், "என்ன இது, இருட்டில் படம் எடுத்த மாதிரி இருக்கிறது" என்று கேட்பார்.

சுத்தம் செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது அல்ல. வீட்டுக் கண்ணாடியில் ரசப்பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. பழைய பனியன் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தால் பூச்சு கீறிப்போகும். கீறியது கீறியதுதான். முதலில் காற்றடித்துத் தூசியைக் கிளப்ப வேண்டும். பிறகு மிக மெல்லிய பிரஷ். அதற்கும் போகாவிட்டால், லென்ஸ் துடைக்கும் மென்மையான துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஜன்னல் துடைக்கும் நீல நிற மருந்தைக் கண்ணாடி மீதோ, திரை மீதோ அடிக்கவே கூடாது. திரை பிளாஸ்டிக் ஆனது. அந்த மருந்து அதன் மேல்பூச்சைக் கெடுத்துவிடும்.

ஒரு மன்றத்தில் நடந்தது

மும்பை புறநகர் ஒன்றில் நெல்லைப் பக்கத்து ஆட்கள் நடத்தும் நற்பணி மன்றத்தில் சென்ற ஆண்டு நான் பார்த்தது இது. குழாய் வகைப் பெட்டி. படம் மிகவும் மங்கிவிட்டது. ஒரு கடையிலிருந்து வந்த மெக்கானிக் ஐந்து நிமிடம் பார்த்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. மூன்று குழாயும் போய்விட்டது, 14 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லி முன்பணமும் கேட்டார்.

மன்றத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. பையன்கள் பணத்தை எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். பொருளாளர் மறுத்தார். "சந்தாக் காசு ஆஸ்பத்திரிச் செலவுக்கும், யாராவது தவறிப்போனால் ஊருக்கு அனுப்பவும் வைத்தது தம்பி. படம் பார்க்க அதைத் தொட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பேச்சு முற்றி, இரண்டு வாரம் பலர் மன்றத்துக்கே வரவில்லை.

பிறகு தாராவிப் பக்கமிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் பேசுவதற்கு முன் பெட்டியைத் திறந்தார். உள்ளே கண்ணாடி புகைபிடித்த கூரை போல இருந்தது. காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பெட்டியின் மேலே முருகன் படம். தினமும் இரண்டு வேளை ஊதுவத்தி. அதைச் செருகி வைத்தது பின்புறக் காற்றுத் துவாரத்தின் ஓரத்தில். அத்தனை வருஷப் புகையும் உள்ளே போயிருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். படம் தெளிவாக வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. "அண்ணாச்சி, சிவப்புக் குழாய் முன்னாடி எண்ணெய் லேசாக் கலங்கியிருக்கு. இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓடும். அதுக்கப்புறம் இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மெக்கானிக்குக்கு அடையாளம் இதுதான். திறந்து பார்த்த பிறகு பேசுவார். எது முடியும், எது முடியாது என்று இரண்டையும் சொல்வார்.

முருகன் படம் இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிறது.

குழாய் வகையில் வரும் கோளாறு

அவர் சொன்ன "எண்ணெய்" உண்மையில் எண்ணெய் அல்ல. குழாய்களின் முகம் கடுமையாகச் சூடேறும். அதைத் தணிக்க, குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு திரவத்தை அடைத்திருப்பார்கள். பெரும்பாலும் எதிலீன் கிளைக்கால், கிளிசரின் சேர்ந்த கலவை. வருஷங்கள் ஆக ஆக இது கலங்கிப்போகும். அப்போது அந்த நிறம் மட்டும் மங்கிப் படத்தில் ஒரு சாயல் ஏறும். சிவப்பு குறைந்தால் படம் நீலப்பச்சையாகத் தெரியும். நீலம் குறைந்தால் மஞ்சளடிக்கும். பச்சை குறைந்தால் எல்லோர் முகமும் ரோஜா நிறத்துக்குப் போய்விடும். மூன்றும் ஒரே அளவில் மங்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தூசியையும் செட்டிங்கையும். ஒரு நிறம் மட்டும் மங்கியிருந்தால் அந்தக் குழாயையும் அதன் திரவத்தையும். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே, விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று அவர் புரிந்துகொள்வார்.

திரவத்தை மாற்ற முடியும். குழாய் தேய்ந்துபோயிருந்தால்தான் கஷ்டம். எப்போதும் கான்ட்ராஸ்டை உச்சத்தில் வைத்து ஓட்டினால் குழாய் சீக்கிரம் தேயும். செய்திச் சேனலின் முத்திரை, கிரிக்கெட் ஸ்கோர்ப் பட்டை போல அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் படம் குழாயில் தழும்பு போலப் பதிந்துவிடும். கான்ட்ராஸ்டைப் பாதி அளவில் வைத்து ஓட்டுவது ஆயுளைக் கூட்டும்.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் குழாய்களில் சுமார் 30 ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் பின்மூடியைத் திறப்பது விபரீதம். இன்னொன்று, திரவம் கசிந்தால் குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. எதிலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் விஷம்.

விளக்கு வகையில் வரும் கோளாறு

விளக்கு உள்ள பெட்டியில் படம் மங்கினால் முதல் சந்தேகம் விளக்கு மீதுதான். இது சாதாரண பல்பு அல்ல. மிக அதிக அழுத்தத்தில் பாதரச ஆவி அடைத்த சிறிய விளக்கு. பல ஆயிரம் மணி நேரம் எரியும். எத்தனை ஆயிரம் என்பது மாடலைப் பொறுத்தது. விளக்கின் ஆயுள் இவ்வளவு மணி என்று போட்டிருந்தால், அத்தனை மணியில் அது அணைந்துவிடும் என்று பொருள் அல்ல. அந்த நேரத்தில் அதன் ஒளி பாதியாகக் குறைந்திருக்கும் என்றே பொருள். மன்றத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 2,190 மணி. மூன்றே ஆண்டில் 6,500-ஐத் தாண்டிவிடும். பல பெட்டிகளில் மெனுவுக்குள் விளக்கு எரிந்த மணிக் கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

விளக்கை மாற்றும் முன், காற்று வடிகட்டி இருந்தால் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்று போகாவிட்டால் சூடு ஏறும். புது விளக்கும் சீக்கிரம் போய்விடும்.

புது விளக்கு வாங்கும்போது, மாடல் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். பழைய மாடலுக்கு விளக்கு கிடைப்பது அரிதாகி வருகிறது. கூட்டோடு சேர்ந்த விளக்கா, வெறும் விளக்கா என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் விளக்கு என்றால் பழைய கூட்டில் பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது கடையிலேயோ, பெட்டியிலேயோ எரித்துப் பாருங்கள்.

மாற்றும்போது, பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆற விட வேண்டும். விளக்கின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் கெட்டு விளக்கே வெடிக்கலாம். எரியும் விளக்கைக் கூட்டுக்கு வெளியே கண்ணால் பார்க்கக் கூடாது. அதன் புற ஊதாக் கதிர் கண்ணைப் பாதிக்கும். மாற்றிய பிறகு மெனுவில் மணிக் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

விளக்கு புதிதாக இருந்தும் படம் மங்கல் என்றால், கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது. டி.எல்.பி. வகையில் ஒளியைச் சீராக்க, நான்கு சிறு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு குழல் உண்டு. வருஷக் கணக்கான சூட்டில் பசை விட்டு ஒரு துண்டு சரிந்துவிடும். அப்போது படம் மங்கும், அல்லது ஓரத்தில் நிழல் விழும். விஷயம் தெரிந்தவர் இதைச் சரி செய்துவிடுவார். திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தோன்றி நாளுக்கு நாள் பெருகினால் சில்லே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்.சி.டி. வகையில் படத்தின் ஒரு பகுதி மஞ்சளாகவோ, நீலமாகவோ கறைபட்டது போலத் தெரிந்தால், உள்ளே இருக்கும் தகடு சூட்டில் வெந்துவிட்டது. இவற்றுக்குச் செலவு செய்வது வீண்.

தட்டை டி.வி.க்கும் ஒரு வார்த்தை

இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது எல்.இ.டி. தட்டை டி.வி. அதிலும் இதே ஏமாற்று நடக்கிறது. சத்தம் வருகிறது, படம் இருட்டு என்றால், "பேனல் போய்விட்டது" என்று சொல்லி ஒரு புது டி.வி. விலையைக் கேட்கிறார்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, டி.வி. ஓடும்போது டார்ச் விளக்கைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. பின்னால் ஒளி கொடுக்கும் எல்.இ.டி. பட்டையோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியோதான் போயிருக்கிறது. பேனல் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு மிகக் குறைவு.

எங்கே நிறுத்துவது?

பழைய பெட்டிக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை ரிப்பேருக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். 32 அங்குல எல்.இ.டி. டி.வி. இன்று 10 ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. பழைய பெரிய பெட்டி சுமார் 200 வாட் மின்சாரம் இழுக்கும். 5 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மாதத்துக்கு 30 யூனிட். சிறிய எல்.இ.டி. டி.வி. இதில் நாலில் ஒரு பங்குதான் கேட்கும். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய, வயர் மாற்ற, வடிகட்டி மாற்ற ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் தயங்க வேண்டாம். விளக்கு மாற்றுவதானால், பெட்டியின் மற்ற பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு மாற்றலாம். குழாய், சில்லு, எல்.சி.டி. தகடு என்று பேச்சு வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அந்தப் பணத்தைப் புதியதற்கு முதலாக வைத்துக்கொள்ளலாம்.

கழிக்கும்போதும் கவனம் வேண்டும். விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போட்டால், அதைப் பொறுக்க வரும் பிள்ளைகளுக்குத்தான் கேடு. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இப்படிப்பட்ட சாமான்கள் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே போக வேண்டும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா? எந்தப் பாகம், அதை எனக்குக் காட்ட முடியுமா? மாற்றிய பழைய பாகத்தை எங்களிடம் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் ஆம் என்பவரிடம் வேலையைக் கொடுங்கள். திறக்காமலே தொகை சொல்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தச் செலவு 14 ஆயிரத்தைவிடக் குறைவு.